ஒரு பல்கலைக்கழகத்தின் சமத்துவ அலுவலகம்: பணியாளர் பக்கத்திலிருந்து ஒரு மதிப்பீடு

பணியிடத்தில் தமக்குப் பாகுபாடு நேர்ந்தது என்று கருதும் பேராசிரியரும், அலுவலக உதவியாளரும், ஒப்பந்தத்தில் பணிபுரியும் விரிவுரையாளரும் பல்கலைக்கழகத்துக்குள் முதலில் நாட வேண்டிய இடம் சமத்துவ அலுவலகம். நான் மதிப்பிட எடுத்துக்கொண்டிருப்பது ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் இயங்கிவரும் அத்தகைய அலுவலகத்தின் சேவையை. பணியாளர் சங்கத்தின் சார்பில், புகார் கொடுப்பவர்களுக்குத் துணையாக அங்கே நெடுங்காலமாகச் சென்றுவருகிறேன். புகாருக்கு உள்ளானவர்களின் பக்கத்திலும் சில வேளைகளில் துணையாக அமர்ந்திருக்கிறேன். அங்கே வந்துபோனவர்கள் எவரும் அடையாளம் காணப்படக் கூடாது என்பதால் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லவில்லை. தங்கள் நிறுவனத்தில் உள்ள இதே போன்ற அலுவலகத்தை அணுகலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும், அத்தகைய அலுவலகத்தை நடத்துபவர்களுக்கும் இந்த மதிப்பீடு உதவ வேண்டும் என்பதே என் விருப்பம்.

அந்த அலுவலகத்துக்கு இரண்டு பொறுப்புகள் தரப்பட்டுள்ளன. பல்கலைக்கழகம் முழுவதிலும் சமத்துவத்தை வளர்ப்பது ஒன்று. பாகுபாட்டுப் புகார்களைப் பெற்று விசாரிப்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே அலுவலகம் செய்யலாமா என்ற விவாதம் பல நிறுவனங்களில் உண்டு. செய்யலாம் என்பது மட்டுமல்ல, செய்ய வேண்டும் என்பதே என் கருத்து. எந்தத் துறையில் எந்த வழக்கம் மனிதர்களைக் காயப்படுத்துகிறது என்பதைப் புகார்களைப் படிப்பவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் எவரும் இல்லை. அந்த அறிவு நியமனக் குழுவுக்கும் பணி உயர்வுக் குழுவுக்கும் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த புகார் எழாமல் தடுக்க முடியும். நான் மதிப்பிடும் அலுவலகம் புகார்களை நேர்மையாகவும் திறமையாகவும் விசாரிக்கிறது. விசாரணையில் தெரிந்துகொண்டதை வெளியே கொண்டுபோய்ப் பயன்படுத்துவதில் அது பின்தங்கியிருக்கிறது. கீழே நான் சொல்லும் பாராட்டுகளும் குறைகளும் பெரும்பாலும் இந்த இடைவெளியைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

முதல் சந்திப்பிலிருந்து தொடங்குகிறேன். இந்த அலுவலகத்தின் மிகச் சிறந்த பகுதி அதுதான். உள்ளே நுழைந்ததும் படிவத்தை நீட்டுவதில்லை. வந்தவர் ஆலோசனை கேட்க வந்தாரா, புகார் கொடுக்க வந்தாரா, இன்னும் முடிவுசெய்யாமல் வந்தாரா என்பதைக் கேட்டறிந்த பிறகே பேச்சைத் தொடர்கிறார்கள். ஆலோசனை கேட்பதாலேயே புகார் பதிவாகிவிடாது என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள். பயத்துடன் வருபவருக்கு இந்த ஒரு விளக்கம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். குறிப்பு எடுக்கும் அலுவலர், எடுத்த குறிப்பை அவரிடமே படித்துக் காட்டித் திருத்தம் கேட்கிறார். சொல்ல வந்ததைக் கோர்வையாகச் சொல்ல முடியாமல் தடுமாறுபவரிடம் தேதி வரிசையை வற்புறுத்திக் கேட்காமல், அவர் சொல்லும் போக்கிலேயே கேட்டு, பிறகு அவருடன் சேர்ந்து கால வரிசையை அமைக்கிறார்கள். அவமானப்பட்ட மனிதர் நிகழ்ச்சிகளை முன்னும் பின்னுமாகச் சொல்வது இயல்பு. அதைப் பொய்யின் அறிகுறியாகக் கொள்ளாத பக்குவம் இந்த அலுவலர்களிடம் இருக்கிறது.

ரகசியம் பற்றியும் அவர்கள் நேர்மையாகப் பேசுகிறார்கள். எதையும் எவரிடமும் சொல்ல மாட்டோம் என்ற வாக்குறுதியை அவர்கள் தருவதில்லை. முறையான புகார் பதிவானால் எதிர்த் தரப்புக்கு அதன் சாரம் தெரிந்தே ஆக வேண்டும், சாட்சிகளுக்குத் தேவையான அளவு தெரியும், எவருடைய பாதுகாப்புக்காவது உடனடி ஆபத்து இருந்தால் அலுவலகம் தானாகவே நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும் என்பவற்றை முன்கூட்டியே விளக்குகிறார்கள். காப்பாற்ற முடியாத வாக்குறுதியைக் கொடுத்துவிட்டுப் பிறகு கைவிரிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

யாருடைய புகாரைப் பெறுவது என்பதிலும் இந்த அலுவலகம் தாராளமாக இருக்கிறது. நிரந்தரப் பணியாளர்களுக்கு மட்டுமே கதவைத் திறக்கும் அலுவலகங்கள் உண்டு. இங்கே ஒப்பந்தப் பணியாளர், பயிற்சியாளர், வெளி நிறுவனம் அனுப்பிய துப்புரவுப் பணியாளர், நேர்காணலுக்கு வந்து வேலை கிடைக்காதவர் என அனைவரின் புகாரும் ஏற்கப்படுகிறது. பணியிட வன்முறையையும் துன்புறுத்தலையும் ஒழிப்பதற்காகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் நிறைவேற்றிய 190-ஆம் உடன்படிக்கை, ஒப்பந்தத்தின் வகை எதுவாக இருந்தாலும் பணிபுரிவோரையும், பயிற்சியில் இருப்போரையும், வேலை தேடுவோரையும், விண்ணப்பித்தோரையும், பணி முடிந்து வெளியேறியோரையும் தன் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. பல்கலைக்கழகங்களில் இந்த விரிவு மிகவும் தேவை. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டிய ஒப்பந்தத்தில் இருப்பவரை நீக்குவதற்கு யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் இருந்தாலே போதும். ஆய்வு மாணவராகவும் கற்பித்தல் உதவியாளராகவும் ஒரே வேளையில் இருப்பவரின் நிலை இன்னும் சிக்கலானது, ஏனென்றால் அவருடைய ஊதியத்தில் கையெழுத்திடுபவரே அவருடைய ஆய்வேட்டையும் மதிப்பிடுகிறார்.

அடுத்த கட்டம், வந்த குறை பாகுபாடுதானா என்று பிரித்தறிவது. பல அலுவலகங்கள் இங்கேதான் சறுக்குகின்றன. துறைத் தலைவர் எல்லோரிடமும் கடுமையாக நடந்துகொள்கிறார் என்றால் அது மோசமான நிர்வாகம். அதற்கு வேறு குறைதீர் வழி உண்டு. அதே கடுமை ஒரு குறிப்பிட்ட பிரிவினரிடம் மட்டும் காட்டப்பட்டால் அது இந்த அலுவலகத்துக்கு உரிய விஷயம். பணியிலும் தொழிலிலும் பாகுபாடு பற்றிய, அதே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1958-ஆம் ஆண்டு 111-ஆம் உடன்படிக்கை இனம், நிறம், பால், மதம், அரசியல் கருத்து, தேசியப் பின்னணி, சமூகப் பின்னணி என ஏழு அடிப்படைகளைச் சொல்கிறது. பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் வயது, மாற்றுத்திறன், மகப்பேறு, பாலின மாற்றம், பாலீர்ப்பு முதலியவற்றையும் சேர்த்து ஒன்பது பண்புகளைப் பட்டியலிட்டுள்ளது. இந்த அலுவலகத்தின் விதி இரண்டு பட்டியல்களையும் தழுவியதாக இருக்கிறது. பட்டியலை விடவும் முக்கியமானது, அதைப் பயன்படுத்தும் விதம். வந்தவரின் குறை இந்த வரம்புக்குள் வராது என்றால் அவரைத் திருப்பி அனுப்பிவிடாமல், எங்கே போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, அந்த அலுவலகத்துக்குத் தாங்களே தொலைபேசியில் சொல்லியும் வைக்கிறார்கள்.

நேரடிப் பாகுபாட்டை யாரும் எளிதில் புரிந்துகொள்வார்கள். விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்தும் அதன் சுமை ஒரு சாரார் மீதே விழுவதைப் புரியவைப்பது கடினம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971-இல் கிரிக்ஸ் எதிர் டியூக் பவர் வழக்கில் இதைத்தான் எடுத்துக்கொண்டது. டியூக் பவர் என்ற மின் நிறுவனம் நல்ல வேலைகளுக்கு உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழையும் பொதுத் தேர்வுகளில் தேர்ச்சியையும் கேட்டது. அந்த வேலைகளைச் செய்வதற்கு அவை தேவை என்று காட்ட முடியவில்லை. ஆனால் கறுப்பினத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோரை அவை வெளியே நிறுத்தின. உள்நோக்கம் இல்லாவிட்டாலும் அத்தகைய நிபந்தனை செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல்கலைக்கழகத்தில் இதற்கு ஈடான நிபந்தனைகள் ஏராளம். இடைவெளி இல்லாத பணிக்காலம் வேண்டும் என்பது மகப்பேறு விடுப்பில் சென்றவரைப் பாதிக்கிறது. முக்கிய முடிவுகள் எல்லாம் மாலைக்குப் பிந்தைய கூட்டங்களில் எடுக்கப்படுவது குழந்தையையோ நோயாளியையோ கவனிக்கும் பொறுப்பில் உள்ளவரை வெளியேற்றுகிறது. வெளியூர் ஆய்வுக் கூட்டங்களில் கலந்துகொண்டதற்குத் தனி மதிப்பெண் என்பது சக்கர நாற்காலியில் வருபவரின் மதிப்பெண்ணை ஓசையில்லாமல் குறைக்கிறது. இந்த அலுவலகத்தின் ஆலோசகர்கள் இத்தகைய மறைமுகப் பாகுபாட்டை அடையாளம் காண்பதில் தேர்ந்தவர்கள். தம்முடைய தகுதிக் குறைவு என்று நம்பிக்கொண்டு வந்தவருக்கு, குறை விதியில் இருக்கக்கூடும் என்று அவர்கள் விளக்கிக் காட்டியதைக் கேட்டிருக்கிறேன்.

விசாரணைக்கு வருகிறேன். முதல் சந்திப்பில் கேட்டவரே விசாரணை அலுவலராக அமர்வதில்லை. விசாரித்தவர் தண்டனையைப் பரிந்துரைப்பதில்லை. இந்தப் பிரிவினை வெறும் சடங்கு அன்று. ஆதரவாகக் கேட்டவரே பிறகு நடுநிலையாக எடைபோட வேண்டும் என்றால் இரு தரப்புக்கும் அவர்மீது நம்பிக்கை இருக்காது. விசாரணை அலுவலர் சாட்சிகளின் வாக்குமூலத்தோடு நின்றுவிடாமல் ஆவணங்களையும் எடுத்துப் பார்க்கிறார்: தேர்வுக் குழுவின் மதிப்பெண் தாள்கள், பணிப் பங்கீட்டுப் பட்டியல், விடுப்பு அனுமதிப் பதிவு, மின்னஞ்சல்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒப்பீடு செய்கிறார். அதே தகுதியும் அதே பணிக்காலமும் உடைய மற்றொருவர் அதே சூழலில் எப்படி நடத்தப்பட்டார் என்ற கேள்வியே பாகுபாட்டு விசாரணையின் முதுகெலும்பு. இந்தக் கேள்வியைக் கேட்காமல், 'அவர் திட்டினாரா, இல்லையா' என்பதோடு முடிந்துபோகும் விசாரணை அறிக்கைகளை வேறு இடங்களில் படித்திருக்கிறேன். அவற்றால் எவருக்கும் நீதி கிடைப்பதில்லை.

நிரூபண அளவு பற்றியும் சொல்ல வேண்டும். இது குற்றவியல் நீதிமன்றம் அன்று. ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று சான்றுகள் காட்டினால் போதும். இந்த அலுவலகம் அதை எழுத்தில் சொல்லி, அறிக்கையின் ஒவ்வொரு முடிவுக்கும் எந்தச் சான்றை ஏற்றோம், எதை ஏன் ஏற்கவில்லை என்று காரணம் எழுதுகிறது. புகார் நிரூபணமாகாதபோது அவர்கள் கையாளும் சொற்கள் என் மதிப்பைப் பெற்றன. சான்று போதவில்லை என்பதும் புகார் பொய் என்பதும் ஒன்றல்ல. இந்தியாவில் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013-இல் வந்த சட்டம், புகாரை நிரூபிக்க முடியாமல் போனது என்பதற்காக மட்டும் புகார்தாரர்மீது நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. எல்லா வகைப் பாகுபாட்டுப் புகார்களுக்கும் இதே கொள்கையை இந்த அலுவலகம் பின்பற்றுவது சரியான முடிவு.

புகாருக்கு உள்ளானவர்களிடம் அலுவலகம் நடந்துகொள்ளும் முறையும் நியாயமானது. என்ன குற்றச்சாட்டு என்பது அவர்களுக்கு எழுத்தில் தரப்படுகிறது, பதில் தயாரிக்கப் போதிய அவகாசம் தரப்படுகிறது, துணைக்கு ஒருவரை அழைத்துவரலாம், விசாரணை முடியும்வரை அவர்களைக் குற்றவாளிகளாக யாரும் பேசுவதில்லை. இவ்வளவு கவனமாக நடத்தப்படும் விசாரணையின் முடிவை ஏற்பது தோற்ற தரப்புக்கும் எளிதாகிறது.

சமரசப் பேச்சுக்கும் இடமுண்டு. இரு தரப்பும் மனமுவந்து ஒப்புக்கொண்டால் மட்டுமே அதை நடத்துகிறார்கள். கடுமையான துன்புறுத்தல் புகார்களில் அதைப் பரிந்துரைப்பதே இல்லை. இது பற்றி எனக்குக் குறை ஏதும் இல்லை.

காலதாமதம் பற்றிக் குறை உண்டு. விசாரணையை முடிக்க விதியில் கால வரம்பு இருக்கிறது. நீட்டிப்பதற்கும் வழி இருக்கிறது. நீட்டிப்பு விதிவிலக்காக இல்லாமல் வழக்கமாகிவிட்டது. விசாரணை அலுவலர்கள் குறைவு என்பது உண்மையான காரணம்தான். ஆனால் நீட்டிக்கப்படுகிறது என்ற செய்தியைப் புகார்தாரர் தாமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை இருக்கக் கூடாது. வெளி அமைப்புகளுக்குத் தனிக் கால வரம்பு உண்டு என்பதால் இந்தத் தாமதம் மனச்சோர்வோடு நின்றுவிடுவதில்லை. அமெரிக்காவில் சமவேலைவாய்ப்பு ஆணையத்திடம் பாகுபாட்டுப் புகாரை நிகழ்ச்சி நடந்த 180 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். அதே பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் மாநில அல்லது உள்ளூர் அமைப்பு இருந்தால் அது 300 நாட்கள். நிறுவனத்துக்குள் விசாரணை நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காகப் பொதுவாக அந்தக் கெடு நீள்வதில்லை. மற்ற நாடுகளிலும் வெவ்வேறு அளவில் இத்தகைய கெடுக்கள் உள்ளன. உள் விசாரணையை நம்பிக் காத்திருந்தவர் வெளியே போகும் உரிமையை இழந்து நிற்பது பெரிய அநீதி. முதல் சந்திப்பில் அவ்வளவு விளக்கம் தரும் அலுவலகம், வெளி அமைப்புகளின் கெடுவையும் எழுதித் தர வேண்டும். இப்போது கேட்டால் சொல்கிறார்கள். கேட்கத் தெரியாதவருக்கு அது தெரியாமலே போகிறது.

விசாரணை அறிக்கை அலுவலகத்தை விட்டு நிர்வாகத்துக்குப் போன பிறகு என் மதிப்பெண் சரிகிறது. என்ன நடவடிக்கை என்பதை முடிவுசெய்வது பதிவாளரும் துணைவேந்தரும். அலுவலகத்தின் பரிந்துரையை ஏற்றார்களா, குறைத்தார்களா, ஏன் குறைத்தார்கள் என்பதற்குக் காரணம் எழுத வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. புகார்தாரருக்கு வரும் கடிதத்தில் 'தக்க நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது' என்ற ஒரு வரி இருக்கிறது. மற்றொரு பணியாளரின் தண்டனை விவரம் அவருடைய தனியுரிமை என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் புகார்தாரரின் அன்றாடத்தைத் தொடும் விவரங்களை மறைப்பதில் நியாயம் இல்லை. இனி அவர் எனக்கு மேலதிகாரியாக இருப்பாரா, என் விடுப்பு விண்ணப்பம் யாரிடம் போகும், மறுக்கப்பட்ட பணி உயர்வு மீண்டும் பரிசீலிக்கப்படுமா என்ற கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் ஒருவர் மறுநாள் எப்படி வேலைக்குப் போவார்? குற்றம் நிரூபணமானது என்று அறிவித்துவிட்டு, பறிபோன வாய்ப்பைத் திருப்பித் தருவது பற்றி ஒரு சொல்லும் இல்லாத முடிவு பாதி முடிவுதான்.

பழிவாங்கலைத் தடுப்பதே இந்தச் சேவையின் மிகக் கடினமான பகுதி. அமெரிக்கச் சமவேலைவாய்ப்பு ஆணையத்துக்கு அண்மை ஆண்டுகளில் வந்த புகார்களில் ஏறக்குறைய பாதியில் பழிவாங்கல் குற்றச்சாட்டு இடம்பெற்றிருக்கிறது. வேறெந்தக் குற்றச்சாட்டும் இந்த அளவுக்கு இல்லை. முதல் அநீதியைச் சொன்னதற்காக இரண்டாவது அநீதி நேர்கிறது என்பதே இதன் பொருள். பல்கலைக்கழகத்தில் அது மெமோவாகவோ இடைநீக்கமாகவோ வருவது அரிது. ஆய்வுத் திட்டத்தில் பெயர் விடுபடுகிறது. யாரும் விரும்பாத வகுப்பு நேரம் ஒதுக்கப்படுகிறது. கூட்டத்துக்கு அழைப்பு வருவதில்லை. வெளிநாட்டு வாய்ப்புக்குக் கேட்ட பரிந்துரைக் கடிதம் மிகவும் அளவான சொற்களில் எழுதப்படுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் சொல்லிவிடலாம்; அதனால்தான் அவற்றைச் சேர்த்துப் பார்க்க ஒருவர் தேவை.

புகார் விசாரணையில் இருக்கும்வரை இந்த அலுவலகம் அந்தப் பொறுப்பை ஏற்கிறது. எதிர்த் தரப்புக்குப் போகும் முதல் கடிதத்திலேயே பழிவாங்கல் தனிக் குற்றம் என்ற எச்சரிக்கை இருக்கிறது. இடைக்கால ஏற்பாடாக மேற்பார்வையாளரை மாற்றுவது, அலுவலக அறையை மாற்றுவது, விடுப்பு தருவது ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறார்கள். இடம் மாற வேண்டியவர் யார் என்ற கேள்வியில் மட்டும் அலுவலகம் இன்னும் துணிய வேண்டும். பெரும்பாலும் புகார்தாரரே நகர்த்தப்படுகிறார். அவர் கேட்டு நகர்ந்தால் சரி. வசதிக்காக அவரை நகர்த்தினால், ஆய்வகத்தையும் சக ஊழியர்களையும் இழப்பவர் அவராகிறார், பார்ப்பவர்களும் தவறு அவர்மீது என்றே நினைக்கிறார்கள்.

விசாரணை முடிந்ததும் கோப்பு மூடப்படுகிறது, கண்காணிப்பும் அதோடு முடிகிறது. பழிவாங்கல் தொடங்குவதோ பெரும்பாலும் அதன் பிறகுதான். அடுத்த பணி மதிப்பீடு, அடுத்த ஒப்பந்தப் புதுப்பிப்பு, அடுத்த பணி உயர்வுச் சுற்று ஆகிய மூன்றும் கடக்கும்வரையாவது அலுவலகம் தானாகவே புகார்தாரரையும் சாட்சிகளையும் தொடர்புகொண்டு நிலைமையைக் கேட்க வேண்டும். சாட்சிகளை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புகார்தாரருக்குச் சங்கத்தின் துணையாவது இருக்கிறது. உண்மையைச் சொன்னதற்காக ஒதுக்கப்படும் இளநிலை உதவியாளரை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

இனி அலுவலகத்தின் மற்றொரு பொறுப்பான சமத்துவ வளர்ச்சி. இங்கே நடப்பவற்றுள் பெரும்பகுதி பயிற்சி வகுப்புகள். எல்லாப் பணியாளர்களும் கட்டாயம் பங்கேற்க வேண்டும், பங்கேற்றவருக்குச் சான்றிதழ் உண்டு. பாடங்கள் நன்றாகவே தயாரிக்கப்பட்டுள்ளன. ஆனால் வகுப்பை நடத்தி முடித்ததே சாதனையாக ஆண்டு அறிக்கையில் இடம்பெறுவதை ஏற்க முடியவில்லை. அமெரிக்காவின் 708 தனியார் பணியிடங்களின் தரவுகளை ஆராய்ந்து 2006-இல் வெளியான ஒரு சமூகவியல் ஆய்வு, மேலாளர் பதவிகளில் பெண்களையும் கறுப்பினத்தவரையும் அதிகரிப்பதில் பயிற்சி வகுப்புகளின் பயன் மிகக் குறைவு என்றும், இன்னார் பொறுப்பு என்று ஆளையோ குழுவையோ நியமித்த இடங்களிலேயே பயன் மிகுதி என்றும் கண்டது. அப்படிப் பொறுப்பு நிர்ணயித்த இடங்களில் பயிற்சியும் கூடுதலாகப் பலன் தந்தது. அந்தப் படிப்பினை இந்த அலுவலகத்துக்கு அப்படியே பொருந்தும். பணி உயர்வில் ஒரு பிரிவினர் தொடர்ந்து பின்தங்கினால் எந்தப் புல முதல்வர் அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று இங்கே எங்கும் எழுதப்படவில்லை.

தேர்வுக் குழுக்கள் விஷயத்திலும் இதே நிலை. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வக மேலாளர் பணிக்கான ஒரே விண்ணப்பத்தை, பெயரை மட்டும் ஆண் பெயராகவும் பெண் பெயராகவும் மாற்றி, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் அறிவியல் பேராசிரியர்கள் 127 பேரிடம் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். பெண் பெயர் இருந்த விண்ணப்பத்துக்குத் திறமை மதிப்பீடும் குறைவாக வந்தது, தருவதாகச் சொன்ன ஊதியமும் குறைவாக வந்தது. பெண் பேராசிரியர்களும் ஆண் பேராசிரியர்களைப் போலவே மதிப்பிட்டார்கள். தீய எண்ணம் கொண்டவர்களைக் கண்டுபிடித்து நீக்கினால் போதும் என்ற எண்ணத்தை இந்த முடிவு தகர்க்கிறது. அளவுகோலை விண்ணப்பங்களைத் திறப்பதற்கு முன்பே எழுதிவைப்பது, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்பது, ஒவ்வோர் உறுப்பினரும் கலந்து பேசுவதற்கு முன் தனியாக மதிப்பெண் இடுவது ஆகிய எளிய நடைமுறைகள் உதவும். அலுவலகத்தின் கையேட்டில் இவை இருக்கின்றன. குழுக்கள் அவற்றைப் பின்பற்றினவா என்று பார்க்கும் அதிகாரம் அலுவலகத்திடம் இல்லை.

யாரும் புகார் கொடுக்காமலே நீடிக்கும் ஏற்றத்தாழ்வுகளைத் தேடிப் பார்ப்பதும் இந்த அலுவலகத்தின் கடமை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1999-இல் தன் அறிவியல் புலத்துப் பெண் பேராசிரியர்களின் நிலை பற்றி வெளியிட்ட அறிக்கை இதற்கு நல்ல முன்மாதிரி. ஊதியம், ஆய்வக இடம், விருதுகள், வளங்கள் என ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது, சாதனையில் சமமாக இருந்தும் பெண்களுக்குக் குறைவாகவே கிடைத்திருந்தது தெரியவந்தது. அங்கே ஒரு தனி வில்லன் இல்லை, ஒரு தனி நிகழ்ச்சியும் இல்லை. பல ஆண்டுகளாகச் சிறுசிறு முடிவுகள் சேர்ந்து உருவான இடைவெளி அது. நிறுவனமே அதை அளந்து, ஒப்புக்கொண்டு, வெளியிட்டது. நான் மதிப்பிடும் பல்கலைக்கழகத்தில் ஆய்வக இடம், வகுப்புச் சுமை, ஆய்வு நிதி, கௌரவப் பொறுப்புகள் யாருக்கு எவ்வளவு போகின்றன என்று அளந்து பார்த்த அறிக்கை ஒன்றும் வந்ததில்லை. அலுவலகத்தின் புகார்ப் பதிவேட்டிலோ இவற்றைப் பற்றிய குறிப்புகள் நிறைந்திருக்கின்றன. ஒரே துறையின் ஒரே வழக்கத்தைப் பற்றி வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு மனிதர்கள் வந்து சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு புகாரும் தனித்தனியாக விசாரிக்கப்பட்டு, தனித்தனியாக மூடப்பட்டிருக்கிறது. அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது.

பெயர்களை நீக்கிவிட்டு, எந்த வகைப் புகார்கள், எந்த நடைமுறைகளைச் சுற்றி எழுந்தன, அவற்றால் எந்த விதி மாற்றப்பட்டது என்று ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடுவதில் எந்த ரகசியமும் உடையப்போவதில்லை. சிறிய துறைகளில் ஆள் அடையாளம் தெரிந்துவிடும் என்ற தயக்கம் நியாயமானது. அந்த இடங்களில் பல துறைகளைச் சேர்த்தோ பல ஆண்டுகளைச் சேர்த்தோ வெளியிடலாம். புகார்களின் எண்ணிக்கை உயர்வதைக் கண்டு நிர்வாகம் அஞ்சவும் வேண்டாம். நம்பிக்கை பெருகும் இடத்தில் முதலில் எண்ணிக்கை கூடவே செய்யும். ஒரு புகாரும் வரவில்லை என்று பெருமையாகச் சொல்லும் பல்கலைக்கழகத்தைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை அதிகமாகிறது.

இவ்வளவு குறைகளுக்குப் பிறகும் இந்த அலுவலகத்தை அணுகுங்கள் என்றே சக பணியாளர்களிடம் சொல்கிறேன். ஆலோசனைக்கும் விசாரணைக்கும் முழு மனத்துடன் பரிந்துரைக்கிறேன். முடிவுக்குப் பிந்தைய பாதுகாப்புக்கு அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம், சங்கத்தையோ நம்பகமான சக ஊழியரையோ உடன் வைத்துக்கொள்ளுங்கள். போவதற்கு முன் நடந்தவற்றைத் தேதியோடு எழுதிவையுங்கள். மின்னஞ்சல்களின் நகலை, அலுவலக விதிகள் அனுமதிக்கும் வகையில், பாதுகாத்துவையுங்கள். உங்களைப் போன்ற தகுதியுடைய மற்றவர் எப்படி நடத்தப்பட்டார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் விசாரணை அலுவலர் நிச்சயம் அதைக் கேட்பார். நீங்கள் வேண்டுவது என்ன என்பதையும் முன்பே யோசியுங்கள்: மன்னிப்பா, மறுபரிசீலனையா, இடமாற்றமா, விதி மாற்றமா. புகாரில் அதை எழுதலாம், எழுத வேண்டும். எழுதாவிட்டால் தண்டனையைப் பற்றி மட்டுமே பேசி விசாரணை முடிந்துவிடுகிறது. உங்கள் நாட்டில் வெளி அமைப்பிடம் முறையிடுவதற்கான கெடு எப்போது முடிகிறது என்று முதல் சந்திப்பிலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். புகாரைக் கொடுத்ததும், பெற்றுக்கொண்ட தேதி குறித்த ஒப்புகைச் சீட்டு உங்கள் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விசாரணையின் எல்லாக் கால வரம்புகளும் அந்தத் தேதியிலிருந்துதான் கணக்கிடப்படுகின்றன.